பிரித்துத் தைத்த சட்டை

எனக்கு நன்றி சொல்ல வராது. யாராவது எனக்குச் சொன்னாலும் வாங்கிக்கொள்ளத் தெரியாது. இருபத்திரண்டு வருடமாகக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறேன். லைசென்ஸ் கைக்கு வந்த சந்தோஷத்தில் "ரொம்ப நன்றி சார்" என்று வந்து நிற்பவர்களிடம், "கண்ணாடியப் பாத்து ஓட்டு, அது போதும்" என்று சொல்லித்தான் பழக்கம். பயிற்சி வண்டியில் என் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்து மிதித்து என் குணமே அப்படி ஆகிவிட்டது என்பாள் என் மனைவி. தெருவில் எனக்கு ஹாரன் என்று பெயர். என் காதுபடவே சொல்வார்கள்.

அப்படிப்பட்ட நான், போன மாதம் என் மாமியாரோடு ஒரு போர்க் கல்லறைக்குப் போய்வந்தேன். போயிருக்க வேண்டியவள் என் மனைவி. பயணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது மாடிப்படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டாள். கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் நீட்டிக்கொண்டு, "அம்மாவ நீங்க கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

"அடுத்த மாசம் நீயே போயேன்."

"எழுபத்தஞ்சு வருஷம் காத்திருந்தவங்கள இன்னும் காக்க வைக்கணுமா?"

கட்டுப் போட்ட காலோடு யார் சண்டை போட முடியும்? சரி என்றேன்.

மாமியாரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். எங்களுக்குள் சண்டையும் இல்லை, பெரிய பேச்சும் இல்லை. என் பேன்ட்டுக்கு இடுப்பு விட்டுத் தருவார், நான் அவரைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போவேன். அவ்வளவுதான். அத்தை தையல்காரர். வீட்டின் முன்னறையில் மிஷின், கழுத்தில் டேப், கயிறு கோத்த மூக்குக்கண்ணாடி. பெண்கள் துணி மட்டும்தான் தைப்பார். எழுபத்தைந்து வயதிலும் ஊசியில் நூல் கோக்க யாரையும் கூப்பிட மாட்டார். அந்த மிஷின் அவருடைய அப்பாவுடையது. அத்தைக்கு அப்பாவிடமிருந்து வந்த சொத்து அது ஒன்றுதான்.

அவரும் தையல்காரர்தான். காஜா எடுப்பதில் பெரிய கைக்காரராம். பொத்தான் நுழையும் துளையை வெட்டி, அதைச் சுற்றி நூல் கட்டுவதுதான் காஜா. மற்றவர்கள் சின்னப் பையன்களிடம் தள்ளிவிடும் அந்த வேலையை அவர் யாரிடமும் விடமாட்டாராம். அத்தை வயிற்றில் நான்கு மாதமாக இருக்கும்போது போருக்குப் போனார். போன சூட்டோடு பிடிபட்டுக் கைதியானார். அத்தை பிறந்த மூன்றாம் நாள், "பெண் பிறந்திருக்கிறாள், மூக்கு உங்கள் மூக்கு" என்று அத்தையின் அம்மா முகாமுக்குக் கடிதம் எழுதினார். பதில் இல்லை. அத்தைக்கு ஐந்து மாதமானபோது முகாமிலிருந்து ஒரு கார்டு வந்தது. இரண்டு வரிக்கு மேல் எழுத விடமாட்டார்களாம். "நலமாக இருக்கிறேன். பையனை நன்றாகப் பார்த்துக்கொள்." தேதி இல்லை; அந்தக் கடிதம் கிடைக்கும் முன்பே எழுதியதா என்றும் தெரியவில்லை. அதற்கடுத்து வந்தது, காய்ச்சலில் இறந்துவிட்டார் என்ற அரசாங்கக் காகிதம்.

இதையெல்லாம் ரயிலில்தான் அத்தை எனக்குச் சொன்னார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் கேட்டதும் இல்லை.

"எங்கப்பாவோட தங்கச்சி ஒருத்தி இருந்தா மாப்பிள்ளை. நாலு பேர் கூடுற எடத்துல எல்லாம் என்னைக் காட்டிச் சொல்லுவா, 'எங்கண்ணன் சாகுற வரைக்கும் பையன்னே நெனச்சுட்டு இருந்தாரு, அந்த மட்டுக்கும் நிம்மதியாப் போய்ச் சேந்தாரு'ன்னு. எல்லாரும் சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன். சிரிக்காம என்ன பண்றது?"

எனக்குச் சுர்ரென்று வந்தது. "எங்க இருக்காங்க அவங்க? நான் ஒரு வார்த்தை கேட்டுட்டு வரேன்."

"அவ போய் முப்பது வருஷம் ஆச்சு. நீங்க உக்காருங்க." அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அம்மா எழுதின லெட்டர் அவருக்குக் கெடைச்சுதா இல்லையா, அது ஒண்ணு தெரிஞ்சா போதும் எனக்கு" என்றார்.

"இனிமே அது எப்படித் தெரியும் அத்தை?"

"தெரியாதுதான். சும்மா சொன்னேன்."

சும்மா சொன்ன மாதிரி இல்லை. மடியிலிருந்த பையின் வாரை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார்.

ஸ்டேஷனில் இறங்கி டாக்ஸி பிடித்தோம். 'கல்லறை, நுழைவாயில்' என்று அம்புக்குறி போட்ட போர்டுக்குப் பக்கத்தில் டிரைவர் எங்களை இறக்கிவிட்டுப் போய்விட்டார். அங்கே வாயில் இருந்தது, பூட்டியிருந்தது. சுவரை ஒட்டிப் பாதி ஊரைச் சுற்றி நடந்துதான் இன்னொரு வாயிலுக்கு வந்தோம். அத்தைக்கு மூச்சு வாங்கியது. உள்ளே ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஒருவர் புல் வெட்டிக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். தோட்டக்காரர், காவலாளி, ஆபீஸ் எல்லாம் அங்கே அவர் ஒருவர்தான் என்று பிறகு தெரிந்தது. நான் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"போர்டு வைக்கத் தெரியுமா தெரியாதா உங்களுக்கு? பூட்டின கேட்டுக்கு எதுக்குய்யா அம்புக்குறி? வயசானவங்க வர்ற எடம்னு ஒரு அறிவு வேண்டாமா?"

இன்னும் சொன்னேன். அந்த மனிதர் புல் வெட்டும் மிஷினை நிறுத்திவிட்டு உள்ளே போய், ஒரு கையில் நாற்காலியும் மறு கையில் தண்ணீர்ச் சொம்புமாக வந்தார். அத்தையை உட்காரவைத்த பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"எந்த வரிசை சார்?"

"ஏழாவது வரிசை, பத்தொம்பது" என்றார் அத்தை. அந்த இரண்டு எண்ணும் ஒரு வருடத்துக்கு முன்னால்தான் எங்களுக்கே தெரியும். பழைய பட்டியல்களைச் சரிபார்த்து, இருக்கிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் அப்போதுதான் கடிதம் போட்டிருந்தார்கள்.

தோட்டக்காரருக்கு முகம் மலர்ந்தது. "தையல்காரரா? பதினெட்டு வருஷமா நான் இங்க இருக்கேன். அவருக்கு இதுவரைக்கும் ஆளே வந்ததில்ல" என்று சொல்லி, முன்னால் நடந்தார்.

ஒரே உயரத்தில் வரிசை வரிசையாகக் கற்கள். ஆள் வராத கல் என்று எதையும் பார்த்துச் சொல்ல முடியாது, எல்லாக் கற்களைச் சுற்றியும் புல் ஒரே அளவில் வெட்டியிருந்தது. பத்தொன்பதாம் எண் கல்லைத் தோட்டக்காரர் ஈரத் துணியால் துடைத்துவிட்டு ஒதுங்கிப் போனார். பெயர், படை எண், வயது இருபத்தாறு. இருபத்தாறா என்று எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அந்த வயதில் என்னிடம் வருகிறவர்களுக்கு ரிவர்ஸ் எடுக்கவே வராது.

அத்தை பூக்கொத்தைப் பிடித்தபடி நின்றார். ஐந்து நிமிடம் ஆனது. பத்து நிமிடம் ஆனது. பூவை வைக்கவும் இல்லை, அழவும் இல்லை.

"ஏதாவது பேசுங்கத்தை" என்றேன்.

"என்னன்னு கூப்பிடறது மாப்பிள்ளை?" என்னைப் பார்க்காமலே சொன்னார். "நான் ஒருத்தி இருக்கேன்னே அவருக்குத் தெரியாது. பையன நெனச்சுக்கிட்டே கண்ண மூடின மனுஷன்கிட்ட, எந்த மொகத்த வச்சுக்கிட்டு நான் அப்பான்னு கூப்பிடுவேன்?"

தவறான வீட்டுக் கதவைத் தட்டிவிட்டவர் போல, அத்தை பூவைக் கல்லின் ஓரமாக வைத்துவிட்டு இரண்டடி பின்னால் வந்தார்.

கிளம்பும்போது தோட்டக்காரர் எதிரே வந்தார். "ஆபீஸ் ரூம்ல கைதிங்க வச்சிருந்த சாமான் கொஞ்சம் இருக்கும்மா. உங்கப்பாவோடதும் ஒண்ணு இருக்கு. பாத்துட்டுப் போங்க."

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். அதுவரை அவர் என் கையைப் பிடித்ததே இல்லை.

சின்ன அறை. மேசை, பதிவேடுகள், சுவரோரமாக ஒரு கண்ணாடி அலமாரி. அதில் நசுங்கிய தகரக் குவளை, பல் உடைந்த சீப்பு, மரக் கரண்டி. நடுத்தட்டில் கைகளை மடித்துக் குப்புற வைத்த ஒரு குழந்தைச் சட்டை. என் இரண்டு உள்ளங்கை அகலம்தான் இருக்கும். கீழே அட்டையில் எழுதியிருந்தது: 'கைதியாக இருந்த ஒரு தையல்காரர் தன் மகனுக்காகத் தைத்தது.'

அத்தை அதை ஒரு முறைதான் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார். மறுபடி போட்டுக்கொள்ளவில்லை.

"சரி. அவ சொன்னது சரிதான்" என்றார். யாரைச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. செத்துப்போன ஒரு பெண்மணி மேல் எனக்கு அவ்வளவு கோபம் வந்ததில்லை. பிரேக்கைத் தேடி என் கால் தரையை அழுத்தியது.

"போலாம் அத்தை. வண்டிக்கு நேரமாச்சு."

தோட்டக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, பேச ஆரம்பித்தார். "முகாம்ல சமையல் பண்ண கைதி ஒருத்தரு. உங்கப்பாவுக்குப் பக்கத்துப் படுக்கை. அவருதான் இத எடுத்துப் பத்திரமா வச்சிருந்து, வயசான காலத்துல தேடிக் கொண்டுவந்து இங்க குடுத்திருக்காரு. ஒரு லெட்டரும் எழுதி வச்சாரு. பாவம், உங்கப்பாவுக்குக் கடைசில காய்ச்சல்ல புத்தி கொஞ்சம் கலங்கிடுச்சு போலம்மா. கம்பியத் தேச்சு ஊசி பண்ணி, சட்டைய முழுசாத் தைச்சு முடிச்சுட்டு, மறுபடி உக்காந்து பிரிச்சுட்டு இருந்தாராம்."

வாசல் வரை போன அத்தை நின்றார்.

"என்ன பண்ணாரு?"

"பிரிச்சாராம்மா."

"முடிச்ச சட்டையவா?" அத்தை திரும்பி வந்தார். கண்ணாடி மூக்கில் ஏறியிருந்தது. "தையக்காரன் முடிச்ச துணியச் சும்மா பிரிக்க மாட்டான். தைக்கிறதவிடப் பிரிக்கிறது ரெட்டை வேலை. அத வெளிய எடுங்க."

வாடிக்கையாளர்களை மிரட்டுகிற குரல் அது. தோட்டக்காரர் மறுபேச்சில்லாமல் சாவியை எடுத்தார். அலமாரியைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசனை வந்தது.

"வருஷா வருஷம் மாத்தி வைப்பேன்" என்றார். "முன்பக்கம் கொஞ்சம் கறையா இருக்கேன்னு குப்புற வச்சிருக்கேன்."

அத்தை சட்டையை மேசைமேல் மல்லாத்தினார். கைதிகளுக்குக் கொடுத்த சாம்பல் நிற முரட்டுத் துணி, உள்ளே மாவுச் சாக்கு வைத்துக் காலர். மரத்தில் செதுக்கிய ஐந்து பொத்தான், ஒன்றுபோல் ஒன்று இல்லை. அத்தையின் விரல் மேலிருந்து கீழாக ஒவ்வொரு பொத்தானாகப் போனது. கடைசிப் பொத்தானில் நின்றுவிட்டது.

"மாப்பிள்ளை, உங்க சட்டையப் பாருங்க. பொத்தான் எந்தக் கைப்பக்கம் இருக்கு?"

எதற்குக் கேட்கிறார் என்று தெரியாமல் குனிந்து பார்த்தேன். "சோத்துக்கைப் பக்கம்."

"காஜா?"

"இடது கைப்பக்கம்."

"ஆம்பளைச் சட்டைன்னா அப்படித்தான். பொம்பளத் துணிக்கு அப்படியே மாத்தி வரும். இத உங்க நெஞ்சுமேல வச்சுப் பாருங்க."

அந்தக் குட்டிச் சட்டையை என் மார்பின் மேல் வைத்துப் பிடித்தேன். தோட்டக்காரரும் எட்டிப் பார்த்தார். பொத்தான்கள் இடது பக்கம் இருந்தன. காஜா வலது பக்கம். ஐம்பது வருடமாகச் சட்டை போடுகிறேன், இப்படி ஒரு விஷயம் இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

"கை மாறித் தப்பா வச்சிருக்கலாமில்ல?" என்று தோட்டக்காரர் மெதுவாகக் கேட்டார்.

"காஜாக்காரன் கை மாறாது" என்று சொல்லி, அத்தை சட்டையை என்னிடமிருந்து வாங்கி உள்பக்கம் திருப்பினார். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். இடப்பக்கத்தில், ஒவ்வொரு பொத்தானுக்கும் நேர் பின்னால், ஒரு தழும்பு போல மூடின கோடு. நுணுக்கி நுணுக்கி நூலால் அடைத்திருந்தது. ஐந்து பொத்தானுக்கும் ஐந்து.

"இங்க பாருங்க. மொதல்ல இந்தப் பக்கம்தான் காஜா வெட்டியிருக்காரு. பையன் சட்டை. அப்புறம் அஞ்சையும் அடைச்சிருக்காரு. அடைச்ச எடத்துமேலயே பொத்தான வச்சு மறைச்சுட்டு, அந்தப் பக்கம் புதுசா அஞ்சு காஜா எடுத்திருக்காரு." அத்தையின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. "அந்த லெட்டர்ல... எப்பப் பிரிக்க ஆரம்பிச்சாருன்னு போட்டிருக்கா?"

தோட்டக்காரர் பதிவேடுகளுக்கு நடுவிலிருந்து ஒரு கவரை எடுத்தார். சமையல்காரரின் எழுத்து கோணல் மாணலாக இருந்தது. விரலை வைத்துத் தேடிப் படித்தார்.

"'அந்த மாதத் தபாலைக் கொடுத்தார்கள். அவருக்கும் ஒன்று வந்தது. அன்று சாயங்காலமே முடித்த சட்டையை எடுத்துப் பிரிக்க உட்கார்ந்துவிட்டார். உனக்கென்ன பைத்தியமா என்று கேட்டேன். சிரித்தார். காய்ச்சல் வந்த பிறகும் விடவில்லை. எதற்கு என்று கேட்டபோதெல்லாம் சிரிப்புத்தான். முடித்த நான்காம் நாள் போய்விட்டார். அவர் மகனிடம் இதைச் சேர்க்க முடியவில்லையே என்பதுதான் என் குறை.'"

அத்தை அழுதார். அழுதுகொண்டே சிரித்தார். பையைத் துழாவி டேப்பை எடுத்து, என்ன செய்வதென்று தெரியாமல் அந்தச் சட்டையை அளக்க ஆரம்பித்தார். தோள், மார்பு, கை நீளம் என்று ஒன்று விடாமல் அளந்தார்.

"ஒரு வயசு அளவு. எனக்குச் சரியா இருந்திருக்கும்" என்றார். "காய்ச்சலோட, கம்பியத் தேச்சுச் செஞ்ச ஊசிய வச்சுக்கிட்டு, அஞ்சு காஜாவ அடைச்சு அஞ்சு காஜா எடுத்திருக்காரே இந்த மனுஷன். பொட்டப்புள்ளைன்னு தெரிஞ்சா சலிச்சுக்குவாருன்னு நெனச்சேனே மாப்பிள்ளை. சிரிச்சாராமே! கேட்டீங்கல்ல, சிரிச்சாராம்!"

"கேட்டேன் அத்தை."

"அவ மட்டும் உசுரோட இருந்திருக்கணும். இத அவ மூஞ்சிக்கு நேரா நீட்டியிருப்பேன்."

"நான் கூடவே வந்து ஹாரன் அடிச்சிருப்பேன்" என்றேன். அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டே இன்னும் சிரித்தார்.

தோட்டக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சொந்தக்காரங்க வந்து கேட்டா குடுத்துடலாம்னு விதி இருக்கும்மா. ஒரு கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார்.

அத்தை சட்டையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். தடவிக்கொண்டே இருந்தார். எடுத்துக்கொள்ளத்தான் போகிறார் என்று நினைத்தேன். வீட்டில் மிஷினுக்கு மேலே மாட்ட நல்ல இடம் இருக்கிறது என்றுகூட யோசித்துவிட்டேன்.

"வேண்டாம்" என்றார் கடைசியில். "யாரு எவருன்னு தெரியாம இத்தன வருஷம் உருண்டை போட்டுப் பாத்துக்கிட்டீங்க. நான் வச்சிருந்தா எனக்கப்புறம் எந்தப் பரண்ல கெடக்குமோ. அவரு பக்கத்துலயே இருக்கட்டும். முன்பக்கம் தெரியற மாதிரி வைங்க. கறை இருந்தா இருக்கட்டும். அட்டைய மட்டும் மாத்தி எழுதணும்."

தோட்டக்காரர் புது அட்டையும் பேனாவும் எடுத்தார். அத்தை சொல்லச் சொல்ல எழுதினார். 'முகாம் கைதியான தையல்காரர் தன் மகளுக்காகப் பிரித்துத் தைத்தது. கொண்டுவந்து சேர்த்தவர், பக்கத்துப் படுக்கையில் இருந்த சமையல்காரர்.' இரண்டாவது வரி வேண்டுமா என்று தோட்டக்காரர் கேட்டார். "அந்தப் புண்ணியவான் இல்லன்னா எனக்கேது இது? கட்டாயம் போடுங்க" என்றார் அத்தை. பிறகு சட்டையின் காலர் பொத்தானைத் தானே போட்டு, மடித்துக் கொடுத்தார்.

அலமாரியைப் பூட்டிக்கொண்டிருந்த தோட்டக்காரர் பக்கத்தில் போய் நின்றேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"காலைல போர்டு விஷயத்துல கத்திட்டேன். மனசுல வச்சுக்காதீங்க" என்றேன். அதற்கு மேலும் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. "ரொம்ப நன்றிங்க. எங்க குடும்பமே உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கு."

"அந்த போர்டு தப்புதான் சார்" என்றார் அவர். "வண்டி முட்டி, அம்பு திரும்பிக்கிடுச்சு. நாளைக்கே சரி பண்ணிடறேன்."

வெளியே வந்ததும் அத்தை எங்கள் வண்டி நேரத்தைக் கேட்கவில்லை. என்னையும் திரும்பிப் பார்க்கவில்லை. ஏழாவது வரிசைக்கு அவர் நடந்த வேகத்துக்கு நான்தான் பின்னால் ஓட வேண்டியிருந்தது. காலையில் ஓரமாக வைத்த பூவை எடுத்து, கல்லின் நடுவில், பெயருக்கு நேர் கீழே வைத்தார். குனிந்து, எழுத்துகளின் மேல் உள்ளங்கையைப் பதித்தார்.

"அப்பா" என்றார். எழுபத்தைந்து வயதில் முதல் தடவையாக. "நான்தாம்ப்பா. சட்டையப் பாத்தேன். ரொம்ப அழகா இருக்கு."

அப்புறம் அத்தை நிறுத்தவே இல்லை. அம்மாவைப் பற்றி, மிஷினைப் பற்றி, அதன் பெல்ட்டை மாற்றியதைப் பற்றி, மகளின் உடைந்த காலைப் பற்றி என்று வரிசையாகச் சொன்னார். நான் நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். திடீரென்று திரும்பி, கையைக் காட்டி என்னைக் கூப்பிட்டார். போனேன்.

"இவர் நம்ம வீட்டு மாப்பிள்ளைப்பா" என்று கல்லிடம் சொன்னார். "சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி. ஆனா இவர்தான் என்னை உங்ககிட்ட கூட்டிட்டு வந்தாரு."

நான் என் சட்டையின் காலர் பொத்தானைப் போட்டுக்கொண்டு, குனிந்து, வணக்கம் சொன்னேன்.